உப்புத்தாள் தின்ற பொட்டு

போன சனிக்கிழமை அப்பாவின் சாமான் பெட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஸ்பேனர், சுத்தியல் வைக்கிற மரப்பெட்டி. நாலு இழுப்பிலேயே புளித்த ரப்பர் பாலும் மண்ணெண்ணெயும் கலந்த வாசம் கிளம்பியது. கோலா சிலாங்கூர் பக்கத் தோட்டமொன்றின் ரப்பர் ஆலையில் அப்பா மெஷின் பழுது பார்க்கும் பிட்டராக இருந்தார். வேலை விட்டு வரும்போது ஆளுக்கு முன்னால் அந்த வாசம் எங்கள் லயத்து வீட்டுக்குள் நுழையும். நானும் அவசரமாகப் பாடப் புத்தகத்தை விரிப்பேன். பல நாள் தலைகீழாக.

மூடியின் நடுவில் ஏதோ கறுப்பாய் அப்பியிருந்தது. தார் என்று நினைத்துச் சுரண்டித் தள்ளினேன். என் திறமையை நானே மெச்சி, ரவாங்கிலிருக்கும் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். உடனே போன்.

"டேய், பொட்டு எங்கடா?"

அப்போதுதான் உறைத்தது. ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் பழையதைத் துடைக்காமல், அதன்மேலேயே சந்தனமும் குங்குமமும் அப்பா வைத்து வைத்துத் தடித்த பொட்டு!

"இருக்குக்கா, வெளிச்சத்துல தெரியல லா."

"இரு, நேர்ல வந்து பாக்குறேன்."

ஐம்பது வயதைத் தாண்டிய நான் சாமி அறைக்கு ஓடினேன். சந்தனத்தில் குங்குமத்தைக் குழைத்து அப்பினேன். கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. வயது கூட்டக் காப்பித்தூள் தூவினேன். முடி காயவைக்கும் மிஷினால் காயவைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள். காப்பித்தூள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

அக்கா வந்ததும் குனிந்து மோந்தாள்.

"சாமிக்குக் காப்பி கலக்கி வச்சிருக்கியா?"

ஒப்புக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது.

"அப்பா எங்கடா வச்சாரு? நான்தான் வச்சேன். பொட்டிகிட்ட யாரையும் விடமாட்டாரே. அந்த ஒரு நாளுதான் என்னைத் தொடவிடுவாரு."

எனக்கு இது தெரியாது. "மன்னிச்சுக்கக்கா" என்றேன்.

"போடா" என்று காப்பிப் பொட்டைத் துடைத்துவிட்டு, வெறும் மரத்தில் புதிதாக ஒன்று வைத்தாள். சூடம் ஏற்றுமுன் சுற்றிலும் பார்த்தாள். "ஒத்தைப் பொட்டிக்கா காட்டுறது? கூட எதையாவது வையி."

தோட்டத்து ஆயுத பூசையில் வீட்டுக்கு வீடு பால்வெட்டுக் கத்தி வந்து ஆலையில் வரிசை கட்டும். பூசை முடிந்ததும் எல்லாக் கத்தியும் ஒரே குங்குமத்தில் ஒரே மாதிரி இருக்கும். "அது என்னோடது!" "ஒன்னோடது மொக்கைக் கத்தி லா!" வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். இப்போது அங்கே ஆலையும் இல்லை, லயமும் இல்லை, எண்ணெய்க்கு நட்ட செம்பனை நிற்கிறது.

என் கார் சாவியை வைத்தேன். அக்கா கைப்பையிலிருந்து குட்டிக் கத்தரிக்கோலை வைத்தாள். சூடம் அணைந்ததும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டோம். சண்டை வரவில்லை.