பத்மநாதன் அண்ணைக்கு நான் போடாத வோட்டு

1. இரண்டு அறிவித்தல்கள்

எண்பதுகளின் நடுவில் ஒரு திங்கட்கிழமை. காலை டியூட்டி முடித்துக் கன்டீனுக்குள் நுழைந்தால், அறிவித்தல் பலகையைச் சுற்றி ஒரே கூட்டம். இரண்டு தாள்கள் குத்தியிருந்தன. ஒன்று நிர்வாகம் போட்டது. எங்கள் கராஜில் இருந்து ஓடும் பஸ்கள் எல்லாம் படிப்படியாகக் கொண்டக்டர் இல்லாத பஸ்களாக மாறும், டிரைவரே காசு வாங்கி டிக்கெட் கொடுப்பார் என்றிருந்தது. மற்றது யூனியன் போட்டது. கிளைப் பிரசிடென்ட் தேர்தல், இன்னும் மூன்று வாரத்தில்.

நான் கொண்டக்டர். லண்டனில், வால்தம்ஸ்டோ பக்கத்து பஸ் கராஜ் ஒன்றில் ஏழாவது வருஷம். என்னுடைய மனுசனுக்கு முதுகு வருத்தம். பெற்றோல் ஸ்டேஷனில் அரை நாள் வேலைதான் செய்ய முடிந்தது. இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். முதல் தாளை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டாம் தாளில் இருந்த மூன்று பெயர்களையும் அதற்குப் பிறகுதான் கவனித்தேன்.

ஒருவர் ரொன், பல வருஷமாக பிரசிடென்ட்டாக இருந்த வெள்ளைக்கார டிரைவர். அடுத்தது பேர்ள், ஜமேய்க்காவில் இருந்து வந்த, என்னைப்போல ஒரு கொண்டக்டர். மூன்றாவது எங்கள் பத்மநாதன் அண்ணை, பருத்தித்துறைக்காரர், டிரைவர்.

அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் லண்டனுக்கு வந்து இறங்கியபோது தன் வீட்டு முன்னறையை ஐந்து மாதம் எங்களுக்கு விட்டவர் அவர். இந்த வேலைக்கு விண்ணப்பம் நிரப்பித் தந்ததும் அவர்தான். ஆகவே என் வோட்டு அவருக்குத்தான் என்பதில் கராஜில் இருந்த தமிழர் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு?" என்றார் என் மனுசன். "அண்ணை நிக்கிறார். போடவேண்டியதுதானே."

"வேலை போகப்போறது எனக்கு. மூண்டு பேரையும் கேட்டுப்போட்டுத்தான் போடுவன்."

2. மூன்று பேரிடமும் ஒரே கேள்வி

கொண்டக்டர் வேலை போனால் எங்களுக்கு என்ன வழி? இதுதான் கேள்வி. (ரொன்னும் பேர்ளும் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்.)

ரொன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார். "கவலைப்படாதை, லவ். நான் இருக்குமட்டும் இந்தக் கராஜை விட்டு ஒரு கொண்டக்டரும் போகமாட்டார்." பக்கத்துக் கராஜிலும் அவர்களுடைய பிரசிடென்ட் இதையேதான் சொல்லியிருந்தார். அங்கே அப்போது ஒரு கொண்டக்டரும் மிச்சம் இல்லை.

அண்ணை சொன்னார்: "பிள்ளை, முதல்லை நான் வெல்லவேணும். எங்கடை ஆக்கள் எல்லாரும் ஒண்டா நிண்டால் மிச்சத்தைப் பாக்கலாம்."

"எப்பிடி அண்ணை?"

"அதைத்தான் பாப்பம் எண்டு சொல்லுறன்."

பேர்ளைக் கடைசி ஸ்டொப்பில், பஸ் திரும்புவதற்கு முந்திய பத்து நிமிஷத்தில் பிடித்தேன். சான்ட்விச்சைக் கடித்தபடி, "வேலை போகும்" என்றாள். "ரொன் வெண்டாலும் போகும், நான் வெண்டாலும் போகும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப நீ என்னத்துக்கு நிக்கிறாய்?"

அவள் பையில் இருந்து ஒரு கொப்பியை எடுத்தாள். கராஜில் இருந்த எல்லாக் கொண்டக்டர்மாரின் பெயரும் வயதும் அதில் இருந்தன. வேலை போவதற்கு முதலே விரும்பிய ஒவ்வொருவருக்கும் சம்பளத்தோடு டிரைவர் ட்ரெயினிங்; சோதனையில் ஃபெயிலானால் இன்னொரு தரம்; பெண்களுக்கும் அதே விதி. இதைத்தான் கேட்கப்போவதாகச் சொன்னாள்.

"உனக்கு பஸ் ஓடத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"கார்கூட ஓடினதில்லை. பயம்" என்றேன்.

"எனக்கும் பயம்தான்" என்று சொல்லிவிட்டுத் தன் பஸ்ஸில் ஏறினாள்.

3. ஞாயிற்றுக்கிழமை

வோட்டு ரகசியம். பேசாமல் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அண்ணையிடம் "ஓம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் தந்த அறையில் படுத்தெழும்பிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு ஏலவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, நான் இந்தமுறை உங்களுக்குப் போடமாட்டன். பேர்ளுக்குத்தான் போடப்போறன். நான் கேட்டதுக்கு அவவிட்டைத்தான் மறுமொழி இருந்தது."

அவர் முகம் கறுத்துப்போனது. "மற்ற ஆக்களிட்டையும் சொல்லிப்போட்டியோ?"

"இல்லை. உங்களுக்குத்தான் முதல் சொல்லுறன்."

என் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு, "சரி, தேத்தண்ணி ஆறுது, குடி" என்றார். குடித்தேன். விஷயம் அறிந்த என் மனுசன் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

அண்ணை வென்றார். சில வோட்டு வித்தியாசத்தில் ரொன் தோற்றார். பேர்ள் மூன்றாவது. இனி அண்ணையிடம் ஓர் உதவியும் கேட்க முடியாது என்றுதான் நினைத்தேன்.

நாலு நாள் கழித்து, தனக்கு டியூட்டி இல்லாத நேரத்தில், அண்ணை என்னுடைய பஸ்ஸில் ஏறிப் பின்பக்கத்தில் என் அருகில் வந்து நின்றார்.

"அந்தப் பேர்ள் என்ன செய்யப்போறன் எண்டவ? வடிவாச் சொல்லு."

ஸ்டொப்புக்கு ஸ்டொப் மணி அடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர், "வெண்டு போட்டன் பிள்ளை. இனி என்ன செய்யிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அவவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா" என்றார்.

பேர்ள் முதலில் வரமாட்டேன் என்றாள். "தோத்தவள் போய் வெண்டவருக்குப் பாடம் சொல்லிக்குடுக்கிறதோ?" பிறகு வந்தாள். மூவரும் மனேஜரிடம் போனோம். அவர் பேர்ளையும் என்னையும் ஏற இறங்கப் பார்த்து, "இந்தப் பெண்கள் டபுள் டெக்கர் ஓடுவினமோ?" என்று கேட்டார்.

"இவ்வளவு காலமும் அந்த பஸ்ஸை நிப்பாட்டினதும் கிளப்பினதும் இவையின்ரை மணிதானே, சேர்" என்றார் அண்ணை.

கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. வயதானவர்கள் பலர் நட்டஈடு வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ட்ரெயினிங் கிடைத்தது. ஃபெயிலானவர்கள் இரண்டாம் தரமும் சோதனை எடுப்பதற்காக அண்ணை மாதக்கணக்கில் மல்லுக்கட்டினார். பேர்ள் முதல் தரமே பாஸ். அந்த இரண்டாம் தரம் தேவைப்பட்டது எனக்குத்தான்.

நான் தனியே பஸ் ஓடிய முதல் சனிக்கிழமை, என் மனுசனும் பிள்ளைகளும் மேல்தட்டின் முன் சீட்டில் இருந்தபடி வந்தார்கள். தொண்ணூறுகள் முடியும்வரை அந்த வேலையில் இருந்தேன். நல்ல வேலை.

இப்போது வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒருவர் எங்களுக்கு நல்லது செய்தவர் என்பதும் அவர் ஒரு பதவிக்குத் தகுதியானவர் என்பதும் இரண்டு கணக்கு. யாருக்குப் போடுகிறீர்கள் என்பதை ரகசியமாக வைத்திருங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதை ரகசியமாக வைக்காதீர்கள். நிற்கிற எல்லாரிடமும் போய்ச் சொல்லுங்கள். எவர் வெல்லப்போகிறார் என்று முன்கூட்டி எவருக்குத் தெரியும்?