நிலத்தை இளக்க மூட்டிய தீ

சூரிச்சில், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய விரிவுரை அது. வகுப்பில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தூங்கவில்லை, உறைநிலம் என்றால் எனக்கு அப்போது ஒரு பைத்தியம். கோடையிலும் ஓரிரு முழத்துக்குக் கீழே உருகாமல் கிடக்கும் நிலம், அல்ப்ஸ் உச்சியில் கொஞ்சம், சைபீரியாவில் கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம். பேராசிரியர் திரையில் ஒரு படத்தைப் போட்டார். வெண்பனிக்கு நடுவே ஆள்நீளத்துக்கு எரியும் விறகு. அதைப் பாதி மூடியபடி ஒரு தகரத் தகடு. பக்கத்தில் மண்வெட்டிகளோடு சில ஆண்கள். லேனா ஆற்றங்கரை ஊர்களில் குளிர்காலத்தில் யாராவது இறந்தால் இப்படித்தான் குழி வெட்டுவார்கள் என்று சொன்னார். தீ மூட்டி, இளகிய மண்ணை அள்ளி, மறுபடியும் தீ மூட்டி, மறுபடியும் அள்ளி. சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. அதே தீ, அதே தகரம், அதே மண்வெட்டிகள் எங்கள் வீட்டிலும் இருந்தன. ஓல்டனில், சாமிப் படங்களுக்கு ஒரு தட்டுக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள். அது சித்தப்பாவின் சிதை என்று சொல்லித்தான் நான் வளர்ந்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துக் கும்பிடுவார்கள். மண்வெட்டி எதற்கு என்று சின்ன வயதில் நான் கேட்டபோது, சாம்பல் அள்ளுவதற்கு என்று அப்பா சொன்னார். விரிவுரையில் இருந்த அந்தக் கணத்தில்தான் எனக்குள் அது விழுந்தது: சித்தப்பா எரியவே இல்லையோ?

சித்தப்பா அப்பாவின் ஒரே தம்பி. ஊரில் போர் நடந்த பிரச்சினைக் காலத்தில் அப்பா சுவிசுக்கு ஓடி வந்தார். தம்பி புலமைப்பரிசில் பெற்று ரஷ்யாவுக்குப் படிக்கப் போனார். படித்தது கப்பல் இயந்திரம். படிப்பு முடிந்தபோது திரும்பிப் போக ஊர் இருக்கவில்லை, மேற்கே வர விசாவும் இருக்கவில்லை. லேனா ஆற்றில் ஒரு துறைமுகச் சிற்றூரில் வேலை கிடைத்தது, போனார், அங்கேயே நின்றுவிட்டார். நான் முதலாம் வகுப்பில் படித்த கோடையில் ஒரே ஒரு தடவை, ஒரு மாத விசாவில், எங்களிடம் வந்தார். அந்த ஒரு மாதம்தான் எனக்கும் அவருக்கும் இருந்த முழு உறவு. ஆனால் அந்த மாதத்தில் ஒருநாளைக்கூட நான் தொலைக்கவில்லை என்று நினைக்கிறேன். உலர்ந்த மீனும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு மணம் அவருடைய பெட்டியில் இருந்தது. ஆரே ஆற்றங்கரையில் என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடப்பார். இதையும் ஆறு என்று சொல்லுகிறார்களா என்று ஒருநாள் சிரித்தார். எங்கட ஆத்தில அக்கரை தெரியாது, என்றார். அப்பா விடவில்லை. "வழுக்கியாறு மாரிக்கு மட்டும் ஓடுற ஊரில பிறந்தவன், எங்கட ஆறு எண்டு கதைக்கிறான் பார்."

அவருடைய வேலையைப் பற்றி அவர் சொன்னதை நான் மந்திரக்கதை என்றே நம்பியிருந்தேன். குளிர்காலத்தில் கப்பல்கள் துறைமுகத்தில் உறைந்து நிற்கும். அடிப்பாகத்தைப் பழுதுபார்க்க, கப்பலைச் சுற்றியுள்ள பனிக்கட்டியை மெல்ல மெல்லச் செதுக்குவார்கள். தண்ணீர் பொத்துக்கொண்டு வருவதற்குச் சற்று முன் நிறுத்திவிட்டு, குளிர் இன்னும் ஆழமாக இறங்கும்வரை காத்திருப்பார்கள். பிறகு இன்னும் கொஞ்சம் செதுக்குவார்கள். கடைசியில் கப்பலுக்குக் கீழே ஆட்கள் குனிந்து நடக்குமளவுக்குப் பனிக்குகை உருவாகிவிடும். அவசரப்பட்டால் ஆறு உள்ளே வந்துவிடும், குஞ்சு, என்பார். பொறுமையில்லாத எனக்கு அதுதான் அவர் சொன்ன ஒரே புத்திமதி. இன்றைக்கும் அது எனக்கு ஒட்டவில்லை.

ஓர் இரவுச் சாப்பாடு நன்றாக ஞாபகம் இருக்கிறது. புட்டும் மீன்குழம்பும். பேச்சு எப்படியோ அங்குள்ள மயானத்துக்குப் போய்விட்டது. சித்தப்பா பகிடியாகத்தான் தொடங்கினார். "அண்ணை, அங்க செத்தவன் உக்குறதில்லை. எத்தினை வருசம் கழிச்சுத் தோண்டினாலும் மீசையோட கிடப்பான். எனக்கு அது வேண்டாம். என்னை எரிச்சுப் போடுங்கோ." முதலில் கலியாணத்தைக் கட்டு, சாவதைப் பிறகு பார்ப்போம் என்று அப்பா சொன்னார். சித்தப்பா சிரிக்கவில்லை. கையில் புட்டோடு அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பார்வையைத் தாழ்த்தி, "சரியடா, நானே வந்து கொள்ளி வைக்கிறன். சாப்பிடு," என்றார்.

சில வருடங்களுக்குப் பின் ஒரு தை மாதம், அப்படி உறைந்து நின்ற கப்பலொன்றின் அருகில் சித்தப்பாவின் இதயம் நின்றுபோனது. தொலைபேசியில் யாரோ ரஷ்ய மொழியில் பேசினார்கள், நடுநடுவே சில ஆங்கிலச் சொற்கள். அப்பாவிடம் அப்போது இருந்தது எஃப் அட்டை. இந்த நாட்டில் தற்காலிகமாக இருக்கலாம், வெளியே போனால் திரும்பி வரமுடியாது. அம்மாவும் நானும் இங்கே. அப்பா சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதும், பிறகு அதைக் கழற்றியதும் எனக்குத் தெரியும். நான் கூடத்தில்தான் இருந்தேன். ஒரு கிழமை கழித்து மின்னஞ்சலில், எழுத்து எதுவும் இல்லாமல், அந்தப் படம் மட்டும் வந்தது. பனிக்கு நடுவில் தீ. அப்பா அதைப் பார்த்து முதல்முறையாக அழுதார், பிறகு நிம்மதியாக மூச்சு விட்டார். முன்பின் தெரியாத மனிதர்கள் தன் தம்பியின் ஆசையை எப்படியோ அறிந்து அவனை எரித்துவிட்டார்கள் என்று எல்லாரிடமும் சொன்னார். திரிம்பாக் கோயில் ஐயர் அந்தியேட்டிக் கிரியை செய்துவைத்தார். சாம்பல் இல்லாததால் பிண்டத்தை மட்டும் ஆரே ஆற்றில் கரைத்தோம். எங்கள் ஆட்களில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? ஆள் செத்திருக்கிறார், நெருப்பு எரிகிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் நாங்கள் வேறென்ன நினைப்போம்?

நான் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எதைச் சொல்வது? சித்தப்பா இருந்த ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். அம்மா ஆனமட்டும் தடுத்தார். யுத்தம் நடக்கிற நாட்டுக்கு ஒற்றைப் பெண்பிள்ளையாகப் போகிறதோ என்று. அப்பா தடுக்கவில்லை. சிவப்பு சுவிஸ் பாஸ்போர்ட் என் கையில் இருப்பதை ஒரு தரம் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இரண்டு பருவம் படித்த ரஷ்ய மொழி, பை நிறையக் கொசு மருந்து, அங்கே நமது வங்கி அட்டைகள் வேலை செய்யாது என்பதால் இடுப்பில் கட்டிய காசு. இஸ்தான்புல், மொஸ்கோ, யாகுட்ஸ்க். அங்கிருந்து ஆற்றுப் படகு. மறுகரை உண்மையாகவே தெரியவில்லை. சித்தப்பா பொய் சொல்லவில்லை என்று எனக்குள் ஒரு சந்தோசம் வந்தது, உடனே அந்தச் சந்தோசத்தை நினைத்து வெட்கமும் வந்தது.

ஊர் கறுத்துப்போயிருந்தது. நிலம் இளகிச் சரிந்துவிடாமல் இருக்க வீடுகள் கால்களின் மேல் நின்றன. பாதி வீடுகளின் யன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். வெந்நீர்க் குழாய்கள் நிலத்துக்குள் போகாமல், கந்தல் சுற்றிய கைகால்கள்போலத் தெருவுக்கு மேலே ஓடின. துறைமுகத்தில் துருப்பிடித்த பளுதூக்கிகளில் ஒன்றுதான் அசைந்தது. அதை ஓட்டியவர் அறுபது வயதை நெருங்கிய ஒரு பெண். படத்தைக் கைபேசியில் காட்டியதும் என் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அந்தப் படத்தை எடுத்தவரே அவர்தான். கீழே இறங்கி வந்து என் கன்னங்களை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். சித்தப்பாவோடு பதினாறு குளிர்காலம் வேலை செய்தாராம். மிளகாய்த்தூள் இல்லாமல் அவர் சாப்பிட்டதே இல்லையாம்.

மயானத்துக்கு அவர்தான் கூட்டிப்போனார். போகும் வழியில் அவரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நான் கேள்வி கேட்க வேண்டிய தேவையே வரவில்லை. அந்தத் தை மாதம் நிலம் இரும்பாக இருந்தது. விறகை அடுக்கி எரித்து, சூடு மேலே போகாமல் தகரத்தால் மூடி, முழங்கையளவு இளகியதும் வெட்டி, திரும்ப எரித்து, ஆள்மாறி ஆள்மாறி வேலை செய்தார்களாம். சித்தப்பாவுக்கு என்ன விருப்பம் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் பிரதேசம் முழுவதிலும் தகனம் செய்ய ஓர் இடமில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, தெளிவாக எனக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். "உன் தகப்பன் அந்தப் படத்தைப் பார்த்தாரா? மற்றவர்களுக்குப் பழைய டயர்தான் எரிப்போம். உன் சித்தப்பாவுக்கு நல்ல லார்ச் விறகு எரித்தோம். குறை வைக்கவில்லை என்று அவருக்குத் தெரியட்டும் என்றுதான் எடுத்தேன்."

பார்த்தார், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

கல்லறையில் சிலுவை இல்லை. இரும்புக் குழாயில் ஒரு சிறிய நங்கூரத்தை ஒட்டவைத்து, சித்தப்பாவின் பெயரை ரஷ்ய எழுத்தில் வெட்டியிருந்தார்கள். யாரோ அதற்கு நீல வர்ணம் பூசிவந்திருக்கிறார்கள்; யார் என்று நான் கேட்கவில்லை, அந்த அம்மாவின் சட்டைக் கையில் அதே நீலம் இருந்தது. குனிந்து மண்ணைத் தொட்டேன். மேலே சூடு, கொசு, புல். கைநீளத்துக்குக் கீழே என்ன இருக்கும் என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள். நிமிர்ந்தபோதுதான் மற்றதைக் கண்டேன். நங்கூரத்துக்கு அப்பால் இரண்டு வரிசைக் கல்லறைகள், அதற்கப்பால் நிலமே இல்லை. ஆற்றங்கரை அறுந்துபோய் நின்றது. விளிம்பின் கீழே கறுப்பு மண்ணிலிருந்து சவப்பெட்டிப் பலகைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றில் சிவப்புத் துணி இன்னும் ஆணியோடு தொங்கியது. அந்த அம்மா மறுபக்கம் திரும்பி சிகரெட் பற்றவைத்தார். முன்பு இப்படி இல்லையாம். இப்போது நிலம் இளகுகிறது, வசந்தத்தில் பனிக்கட்டி உடைந்து ஓடும்போது ஒவ்வொரு முறையும் ஒரு வரிசையோ இரண்டு வரிசையோ போய்விடுகிறது. உறவினர் வந்து கேட்டால் நகரசபை மேட்டுக்கு மாற்ற விடும். கேட்க ஆளில்லாதவர்களை ஆறு கொண்டுபோகும். இவருக்காகக் கேட்க அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தோம், என்றார்.

திரும்பி வந்ததும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். எதையும் உடனே கொட்டிவிடுகிற எனக்கு, அதைச் சொல்லக் கார்த்திகை வரை பிடித்தது. அப்பா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறார். ஓய்வுநாளிலும் வீட்டில் அவர்தான் சமையல். கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கத்தி நிற்கவில்லை.

"அப்ப அவன் எரியேல்லையோ?"

"இல்லையப்பா."

"அப்படியே கிடக்கிறானோ?"

"ஓம்."

லீக்ஸை வழித்துச் சட்டிக்குள் போட்டார், அடுப்பைப் பற்றவைக்க மறந்துபோனார். சட்டியைப் பார்த்தபடியே, "எனக்கு இப்ப அறுபத்திரண்டு. அவன் அங்க நாப்பத்தொண்டிலயே நிக்கிறான், என்ன?" என்றார். எனக்குப் பதில் தெரியும். நிலத்தின் வெப்பநிலை, ஆழம், எல்லாவற்றையும் வரைபடமாகப் போட்டே காட்டியிருப்பேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டில் சண்டை நடந்தது அதற்குப் பிறகுதான். அம்மாவின் பக்கமும் எனக்கு விளங்குகிறது. ஐயர் செய்தார், பிண்டம் கரைத்தாயிற்று, வருடாவருடம் திதியும் கொடுத்தாயிற்று. "இப்ப போய்க் கிளறி, செய்ததெல்லாத்தையும் பொய்யாக்கப் போறியளோ?" என்று கேட்டார். அப்பா சத்தம் போடாமல் சொன்னார்: "பொய்யெண்டா பொய்தான். அவன் ஆத்தோட போறதை நான் இஞ்ச இருந்து பார்க்கேலாது." திரிம்பாக் ஐயரிடமும் கேட்டார்கள். செய்த கிரியை போய்ச் சேர்ந்திருக்கும், ஆனால் உடல் கிடக்கிறதென்று தெரிந்தபின் விடக்கூடாது என்றார் அவர். அம்மா அதன்பின் எதிர்க்கவில்லை. ஆனால் அந்தப் படம் இருக்கும் சாமியறைக்குள் விளக்கேற்ற இப்போது அம்மாதான் போகிறார், அப்பா போவதில்லை.

மார்ச்சில் போகிறோம், அப்பாவும் நானும். பனி உடையும் முன், ஆறு இன்னும் லொறி ஓடுகிற வீதியாக இருக்கும்போது. வெளிநாடு போக அப்பாவுக்கு இப்போது தடையில்லை. பளுதூக்கி ஓட்டும் அம்மா நகரசபையில் பேசியிருக்கிறார். தோண்டலாம், மாற்றலாம், எரிப்பதற்கு இதுவரை யாரும் அனுமதி கேட்டதில்லையாம், அதனால் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பாட்டுக்குத் துறைமுகத்துக்குப் பின்னால் லார்ச் விறகு அடுக்கத் தொடங்கிவிட்டார். இரண்டு தீக்குப் போதுமான விறகு வேண்டும் என்று எழுதினேன்: முதலாவது நிலத்தை இளக்க, இரண்டாவது சித்தப்பாவுக்கு. அனுமதி கிடைக்காவிட்டால் மேட்டில் புதிதாக ஒரு குழி வெட்டவேண்டி வரும். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் அப்பா அறையை விட்டு எழுந்து போகிறார்.

சவப்பெட்டியைத் திறக்கத் தேவையில்லை, மூடியபடியே தீயில் வைக்கலாம் என்று அந்த அம்மா சொல்கிறார். என் அம்மாவும் அதையே கெஞ்சிக் கேட்கிறார். திறக்கவேண்டும் என்கிறார் அப்பா. முகம் பார்க்காமல் எப்படிக் கொள்ளி வைப்பது என்று ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். உறைநிலத்தில் உக்காத முகமும் காய்ந்து கறுத்துப்போகும்; அவர் காணப்போகிற முகம் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் எனக்குத்தான் தெரியும். அதை விமானத்திலேயே அவருக்குச் சொல்லிவிடப் பார்க்கிறேன்.