எந்தப் பிரிவிலும் சேராதவர்

"அன்புள்ள வாடிக்கையாளரே" என்று ஆரம்பிக்கும் மின்னஞ்சலை நான் திறப்பதே இல்லை. என் பெயரைப் போட்டு, நலம் விசாரித்து, போன மாதம் வாங்கிய செருப்பு கடிக்கிறதா என்று உருகுகிற மின்னஞ்சலையும் நம்புவதில்லை. இரண்டையும் அனுப்பும் வித்தையைச் செய்து பிழைத்தவள் நான். ஓட்டல் சமையல்காரர் தன் வீட்டுக்குப் போய் ரசஞ்சோறு சாப்பிடுவது மாதிரிதான்.

இரண்டாயிரங்களின் நடுவில், சிட்லபாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில் எங்கள் கம்பெனி இருந்தது. கம்பெனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். சார், நான், என் தோழி, மூன்று கம்ப்யூட்டர், கத்திக்கொண்டே இருக்கும் ஒரு யூபிஎஸ். கீழ்வீட்டு அம்மா வடகம் காயப்போட மொட்டைமாடிக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னும் முடியலையாம்மா?" என்று கேட்பார். எது முடிய வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, பல நாள் எங்களுக்கும் தெரியாது.

ஒரு கடிதத்தை ஒரே தடவை எழுதி, நூறு பேருக்கு நூறு விதமாக அனுப்ப வேண்டும். அதுதான் நாங்கள் செய்துகொண்டிருந்த மென்பொருள். அப்போதெல்லாம் ஊரில் இருக்கிற அத்தனை முகவரியையும் ஒரே வரியில் கொட்டி அனுப்பிவிடுவார்கள். தாம்பரத்தில் ஒரு ட்யூஷன் சென்டர், "உங்கள் மகன் கணக்கில் கவனம் செலுத்த வேண்டும்" என்று எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பிவிட்டு, பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு பத்தியும் எந்தப் பிரிவினருக்குப் போக வேண்டும் என்று குறித்துவிடலாம். பையனைப் பெற்றவருக்கு ஒரு பத்தி, பெண்ணைப் பெற்றவருக்கு வேறு பத்தி. அவரவர் கைக்கு அவரவர் கடிதம் மட்டும் போய்ச் சேரும்.

'அழைக்கும் விதம்' என்று ஒரு கட்டம் வைத்தது மட்டும் என் யோசனை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு 'டியர்' போதும். நமக்கு ஆகுமா? ஒருவரை மாமா என்று கூப்பிட வேண்டும், ஒருவரைச் சித்தப்பா, ஒருவரை அண்ணா, ஒருவரை சார். அத்தையைப் பெயர் சொல்லி அழைத்து ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள், அடுத்த பொங்கல் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டாள்.

சாருக்கும் எனக்கும் ஓயாத சண்டை ஒன்று இருந்தது. எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படாத ஆளை என்ன செய்வது? சார் 'பொது' என்று ஒரு பிரிவு வைத்து, மிஞ்சியவர்களையெல்லாம் மென்பொருள் தானாகவே அதில் போட்டுவிட வேண்டும் என்றார்.

"கடைக்கு வந்தவனை நீ யாருன்னா கேப்போம்? வணக்கம் சொல்லி உள்ள கூப்பிட மாட்டோமா?"

"தெரியாதவங்களுக்கு அது சரி சார். தெரிஞ்சவங்களை யாரோ மாதிரி கூப்பிட்டா செருப்பு பிஞ்சிடும். அனுப்பறதை நிறுத்திட்டு, 'இவரை எப்படிக் கூப்பிடணும்?'னு கேக்கணும்."

"கேட்டுக்கிட்டே இருந்தா வாங்கறவன் கடுப்பாகிடுவான்மா. பேஜார் புடிச்ச சாஃப்ட்வேர்ம்பான்."

சம்பளம் கொடுக்கிறவர் அவர். 'பொது' வந்தது.

இந்தச் சமயத்தில்தான் என் தோழிக்குக் கல்யாணம் முடிவானது. முடிவானது என்றால், அவளும் அந்தப் பையனும் முடிவு செய்தார்கள். இவள் வீட்டில் தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் இந்து, வீடு கடலோரக் குப்பத்தில். அவன் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். அவன் படித்துவிட்டுத் திருமுடிவாக்கத்தில் இரும்பு வேலை செய்யும் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். மின்சார ரயிலில் ஆரம்பித்த பழக்கம். அவளுடைய அப்பாவுக்கு மதம் பாதி தடை, மீன் கூடை மீதி. அந்த இரண்டாவதை வாயால் சொல்ல அவருக்கே கூச்சம், அதனால் முதலாவதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடைசியில் ஒருநாள், "பண்ணிக்கோ. ஆனா இது நம்ம வீட்டுக் கல்யாணம் இல்ல. பத்திரிகையில என் பேர் வரக் கூடாது" என்றார். அதோடு மகளிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "உன் பொண்ணை ஃபேனை நிறுத்தச் சொல்லு" என்று மனைவியிடம் சொல்லும் அளவுக்குப் போனது.

கல்யாணப் பத்திரிகை என்பது பெற்றவர்கள் அழைப்பது. பெண் தானே அச்சடித்துத் தானே அழைத்தால் ஊர் அதைப் படிக்கிற விதமே வேறு. அப்பா பெயர் இல்லாத பத்திரிகையைக் கையில் பிடிக்கவே முடியாது என்று அவள் அழுதாள். நான்தான் சொன்னேன், பத்திரிகையே வேண்டாம், மெயில் அனுப்பு என்று. மெயிலில் 'நான் அழைக்கிறேன்' என்று எழுதினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். எங்கள் மென்பொருளுக்கும் ஒரு நிஜமான சோதனை ஆயிற்று. சாருக்குப் பரம சந்தோஷம்.

உட்கார்ந்து பிரிவு பிரிவாக எழுதினாள். சர்ச் ஆட்களுக்கு, எங்களுக்காக ஜெபியுங்கள் என்று ஒரு பத்தி. பையனின் ஆபீஸ்காரர்களுக்கு, திருச்சி போகும் ஜிஎஸ்டி ரோட்டில் எங்கே இறங்கி ஊரப்பாக்கம் மண்டபத்துக்கு எப்படி வருவது என்று ஒரு பத்தி. சொந்தக்காரர்களுக்கு, 'நம்ம வீட்டுக் கல்யாணம், வேலையெல்லாம் இழுத்துப்போட்டுச் செய்ய முன்னாடியே வந்துடுங்க' என்று ஒரு பத்தி. 'பொது'வைக் காலியாக வைக்க மென்பொருள் விடாது என்பதால் அதற்கும் சம்பிரதாயமாக ஒரு வரி. அழைக்கும் விதத்தையும் ஒவ்வொருவருக்காக நிரப்பினாள்.

ஒரே ஒரு வரிசையில் கை நின்றுவிடும். அவளுடைய அப்பா. துபாயில் இருக்கும் மகனுக்கு எழுதுவதற்காக மெயில் கற்றுக்கொண்டு, தினமும் காலையில் ஸ்டேஷன் பக்கத்து ப்ரவுசிங் சென்டருக்குப் போய்வருகிற மனிதர்.

"இவரை எதுல போடறது?" என்பாள்.

"சொந்தக்காரங்கள்ல போடேன்."

"நம்ம வீட்டுக் கல்யாணம் இல்லைன்னு சொன்னவருக்கு நம்ம வீட்டுக் கல்யாணம்னு அனுப்பினா, குத்திக் காட்டற மாதிரி இருக்காதா? அவருக்கு நான் தனியா எழுதறேன்பா. ஒரே ஒரு தடவை வந்து நின்னாப் போதும். வேற எதுவும் வேணாம் எனக்கு."

அந்தத் தனிக் கடிதத்தைத் தினமும் ஆரம்பிப்பாள். 'அப்பா' என்று அடித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு அழித்துவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் அடுத்த அறையில் இருக்கிற மனிதரிடம் போய் "வாங்கப்பா" என்று சொல்வதற்கு என்ன கேடு? எனக்குச் சொல்ல என்ன, என் அப்பா சண்டை போட்டாலும் சத்தம் போட்டுப் போடுகிறவர். பேசாமல் இருக்கும் அப்பாவை எனக்குத் தெரியாது.

அனுப்பலாம் என்று வைத்திருந்த பிற்பகலில் கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது. "அனுப்பிடும்மா, இப்போ விட்டா எல்லாம் போயிடும்" என்று சார் பின்னாலிருந்து பதறினார். அவள் பொத்தானை அழுத்தினாள். நல்லவேளை, எல்லாம் போய்விட்டது என்று நாங்கள் கைதட்டினோம்.

கரண்ட் வந்ததும் யார் யாருக்கு எது போனது என்று திரையில் ஓடவிட்டுப் பார்த்தோம். சர்ச், சர்ச், ஆபீஸ், சொந்தம், சொந்தம். நடுவில் ஒரே ஒரு 'பொது'.

"ஐயோ, எங்கப்பாவுக்குப் போயிடுச்சு" என்றாள்.

தனியாக எழுதப் போகிறோம் என்று அந்த வரிசையை அப்படியே விட்டிருந்தாள், எடுக்கவில்லை. அவருக்குப் போன கடிதத்தை நான்தான் திறந்து படித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா / அம்மா, எங்கள் திருமண வரவேற்புக்குத் தாங்கள் குடும்பத்துடன் வந்து வாழ்த்த வேண்டுகிறோம்.' அவ்வளவுதான். கேஸ் ஏஜென்சிக்காரருக்கும் அதுவே போதும். பெற்ற அப்பாவுக்கு மகள் அனுப்பிய கல்யாண அழைப்பு அது.

அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நான் ஒண்ணுமே அனுப்பாம இருந்திருக்கலாம். இப்ப கண்டிப்பா வரமாட்டார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் சாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "நீ சொன்ன மாதிரியே மாத்திடும்மா" என்றார். ஜெயித்தேன்தான். அந்த ஜெயத்தைத் தூக்கிக் குப்பையில் போடலாம் போல இருந்தது. மறுநாள் காலையிலேயே மாற்றினேன். அதற்குப் பிறகு எங்கள் மென்பொருள், பிரிவில்லாத ஒருவரைக் கண்டால் நின்றுவிடும். இவரை எப்படி அழைப்பது என்று கேட்கும், பதில் வராமல் நகராது.

அவர் அந்த மெயிலைப் படித்தாரா இல்லையா என்றே தெரியவில்லை. வழக்கம்போல ப்ரவுசிங் சென்டருக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். நடந்ததைச் சொல்லிவிடு என்று நான் அவளைப் பிடுங்கி எடுத்தேன். "கைதவறிப் போச்சுன்னு சொன்னா, வேணும்னு கூப்பிடலைன்னு ஆயிடும்பா" என்றாள். அவள் சொன்னதை இத்தனை வருடம் கழித்து யோசித்தாலும் நியாயமாகத்தான் படுகிறது.

பதிவுத் திருமணம் காலையில் முடிந்தது. அதற்கு அவள் அம்மா மட்டும் வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மாலையில் ஊரப்பாக்கம் மண்டபத்தில் வரவேற்பு. வாசலில் சந்தனக் கிண்ணம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு வைத்த மேஜை. வருகிறவர்களை அங்கே நின்று வரவேற்பது இரண்டு வீட்டுப் பெரியவர்களின் வேலை. பையன் பக்கம் அவன் அம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தார். பெண் பக்கம் நிற்க ஆளில்லாமல் நான் நின்றேன். வந்த சர்ச் ஆட்கள் என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் யாரையோ தேடிவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்கள். மேடையில் இருந்தவளோ படம் எடுக்கிறவர் எங்கே பார்க்கச் சொன்னாலும் வாசலைத்தான் பார்த்தாள்.

கூட்டம் கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. அவளுடைய அம்மா முதலில் இறங்கினார். பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அவளுடைய அப்பா. கையில் வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பரிசுப் பெட்டி. எல்லா விருந்தாளிகளும் கொண்டுவருகிற மாதிரியே.

சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். மரியாதையாகத் தொட்டுக்கொண்டார்.

"மெயில் வந்துதும்மா" என்றார். "முதல்ல கட்டம் கட்டமாத்தான் தெரிஞ்சுது. சென்டர்காரர்கிட்ட சொல்லித் தமிழ் எழுத்து போடவெச்சுப் படிச்சேன். தினமும் அதையே படிச்சேன். 'இன்னா சார், ஒரே மெயிலப் பாத்துகினு கீறீங்க'ன்னு அவரே கேட்டுட்டார்."

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை.

"யாரோ எவரோன்னு ஆயிட்டேனேன்னு முதல்ல கோவம்தான். அப்புறம் பாத்தா, அப்படி இருக்கேன்னு சொன்னது நான்தானே. அவ அப்பவும் குடும்பத்தோட வாங்கன்னு கூப்பிட்டிருக்கா." மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "வந்துட்டோம்."

கரண்ட், யூபிஎஸ், 'பொது' எதையும் நான் அவரிடம் சொல்லவில்லை.

அதற்குள் ஜிஎஸ்டி ரோட்டுப் பக்கமிருந்து பையனின் ஆபீஸ்காரர்கள் கும்பலாக வந்தார்கள். அவர் பரிசுப் பெட்டியை மனைவி கையில் கொடுத்தார். மேஜையிலிருந்த பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டார். பையனின் அம்மா சட்டென்று ஒரு அடி தள்ளி இடம் விட்டார். அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்று, பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்கிற அந்தக் குரலில் அவர் சொன்னது மேடை வரைக்கும் போயிருக்கும்.

"வாங்க, வாங்க. நம்ம வீட்டுக் கல்யாணம், யாரும் சாப்பிடாம போகக் கூடாது."