ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில்

சொந்தமாகச் சபை நடத்துவது என்பது பந்திக்கு ஆள் கூப்பிட்டு, பரிமாறி, நடுநடுவே எச்சில் இலையும் எடுக்கிற வேலை. பெரிய மிஷன்காரர்களுக்கு மேலே ஓர் அதிகாரி இருப்பார். ஊர் பிடிக்கவில்லை என்றால் அவரிடம் மாற்றல் கேட்கலாம். நமக்கு மேலே நேராக ஆண்டவர்தான். அவர் மாற்றல் கொடுத்தால் அது பரலோகத்துக்குத்தான். இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருக்கும் சகோதர சகோதரிகளே, நான் பட்டதைக் கொஞ்சம் சொல்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள். திருவாரூருக்கும் மன்னார்குடிக்கும் நடுவில், கையைக் காட்டினாலும் பஸ் நிற்காத ஊர் எங்களுடையது.

முன்சீட்டு மரியாதை

என் வீட்டுக்காரர் தாவீதுதான் சபையை ஆரம்பித்தவர். மிஷன் கோயிலில் எங்கள் தெரு ஆட்கள் கடைசிப் பாயில்தான் உட்கார வேண்டும் என்று ஒரு வழக்கம் இருந்தது. எங்கேயும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருநாள் இவர் போய் முதல் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அடுத்த வாரமே எங்கள் கூரை வீட்டில் தனிச் சபை தொடங்கியாகிவிட்டது. வீடு நாங்கள் கட்டியது, வீடு நிற்கிற மண் பண்ணையாருடையது. தெருவில் எல்லோர் வீடும் அப்படித்தான்.

அப்புறம் ஒரு குறுவை அறுப்பில் கூலிச் சண்டை வந்தது. பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. கூலிக்காரர் சங்கத்தில் சேர்ந்திருந்த எங்கள் தெரு ஆண்கள் போய் வரப்பை மறித்து நின்றார்கள். போலீஸ் லாரி வந்தது. அந்த நேரம் பார்த்து இவர், பக்கத்து ஊர்த் துக்க வீட்டில் ஜெபம் பண்ணுவதற்காக, வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, கக்கத்தில் கறுப்பு அட்டை வேதப்புத்தகம் சகிதமாக அதே வரப்பு வழியாக வந்தார். சேற்றுக்காலும் கோவணமுமாக நின்ற கூட்டத்தில் இஸ்திரி போட்ட சட்டை இவர் ஒருத்தர்தான். சங்கத் தலைவர் இவர்தான், கையில் இருப்பது சங்கத்துப் புத்தகம் என்று சப்-இன்ஸ்பெக்டர் முடிவு கட்டிவிட்டார். நான் போதகர், எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் ஏட்டிடம் சொன்னாராம்: "தலைவருங்க எல்லாம் இப்படித்தான்யா பேசுவாங்க. இவரை முன்சீட்டுல ஏத்து."

ஆம்பளை இல்லாத ஆராதனை

அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். புருஷன் ஜெயிலில், அண்ணன் ஜெயிலில், மகன் ஜெயிலில். அழுது முடித்த முகங்கள். வந்தவர்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் நான் அடுப்படியிலேயே நின்றேன். எங்கள் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி சின்னப்பொண்ணு அக்கா. வரிசை கோணினால் நாற்றை எடுத்து முதுகில் போடுகிறவள். அவள்தான் என் கையைப் பிடித்து முன்னால் இழுத்துவந்து, பேசு என்றாள்.

எனக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. ஆனால் இவர் பண்ணுவதை வருஷக்கணக்கில் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறேன். எங்கே குரலை ஏற்றுவார், எங்கே இருமுவார் என்பதுகூட எனக்குத் தெரியும். சிறையில் இருந்தவர்களின் கட்டு கழன்ற கதையைத் தொடங்கினேன். முதலில் இவர் இருமுகிற இடத்தில் நானும் இருமினேன். பிறகு யாரோ ஒருத்தி தேம்பினாள், யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள், எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்துவிட்டது. அரிசி உலை கொதிப்பதற்குள் பிரசங்கத்தை முடித்து ஆமென் சொல்லிவிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் இருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். முடிந்துவிட்டது என்று நான் சொன்ன பிறகு சின்னப்பொண்ணு அக்கா முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "ஏ எஸ்தரு, இவ்வளவுதானா விஷயம்? இதுக்கா உன் புருஷன் வெயில் ஏறுற வரைக்கும் நம்மள உக்கார வச்சாரு?"

காரியக்காரர் கேட்ட பிரசங்கம்

பண்ணையின் வரவு செலவு, ஆள் அம்பு எல்லாம் பார்ப்பவர் காரியக்காரர் கோவிந்தசாமி. எங்கள் சபையைச் 'சபை' என்று அவர் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. 'அந்தப் பாட்டுக் கொட்டாய்' என்பார். அவர் ஒருநாள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, ஆண்கள் ஜெயிலில் இருக்கும்போதே பெண்களுக்கு நல்ல புத்தி சொல்லும்படி என்னைக் கேட்டார். எஜமானுக்குக் கீழ்ப்படி என்று உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறதாமே என்று வேறு விசாரித்து வைத்திருந்தார். சொன்னால் மழைக்கு முன்னால் கூரைக்குக் கீற்று வந்து இறங்குமாம். நிலத்துக்காரரைப் பற்றியும் அறுப்புக்காரரைப் பற்றியும் வேதம் சொல்வதை வரும் வாரம் வாசிக்கிறேன் என்றேன். மனுஷனுக்கு அவ்வளவு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை தானே வந்து, வாசலில் நாற்காலி போடச்சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

நான் சொன்னபடியே வாசித்தேன். வயலை அறுத்தவனுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானாகவே கூக்குரல் போடுகிறது, அந்தச் சத்தம் ஆண்டவர் காதில் விழுந்துவிட்டது என்று அப்போஸ்தலர் ஒருவர் எழுதிய பகுதி. காரியக்காரர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார், பாதியில் ஆட்டுவதை நிறுத்தினார். கூட்டம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏம்மா, இதை எழுதுன ஆளு எந்த ஊர்ச் சங்கம்?"

கீற்று வரவில்லை.

சிவப்புத் துண்டு

கூலியில் ஒரு மாதிரி சமாதானம் ஆகி, ஆண்களை விட்டார்கள். இவர் இளைத்துக் கறுத்து, தோளில் சிவப்புத் துண்டோடு வந்து இறங்கினார். ஜெயிலில் இவர் காலையில் எல்லோருக்கும் ஜெபம் பண்ணியிருக்கிறார், சாயங்காலம் தோழர்கள் இவருக்கு வகுப்பு எடுத்திருக்கிறார்கள். யார் யாரை மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நல்ல மேய்ப்பனைப் பற்றித் தொடங்கியவர், ஆடுகளுக்குப் புல் கிடைக்காத காரணத்துக்குப் போய், புல்வெளிக்கு உச்சவரம்பு, பினாமி பட்டா என்று விரிந்துகொண்டே போனார். ஆமென் வர வேண்டிய இடத்தில் ஜிந்தாபாத் வந்தது. ஆண்கள் கை தட்டினார்கள். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெளியே போகும்போது, அடுத்த வாரம் எஸ்தர் பேசட்டும் என்று சின்னப்பொண்ணு அக்கா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

இவருக்கு மனசில் அடிபட்டுவிட்டது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். முதல் பாயில் உட்கார்ந்த மனுஷன், தன் வீட்டுப் பாயிலேயே இடம் போனதாக நினைத்துவிட்டாரோ என்று எனக்குப் பட்டது. நீங்களே நடத்துங்க, எனக்கு அடுப்பு போதும் என்றேன். இவர் திடீரென்று தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். மைக் இல்லாமலே நாலு ஊருக்குக் கேட்கிற தொண்டை என்பதால் சங்கத்தில் ஏற்கெனவே இவரைக் கிளைச் செயலாளராகக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் எப்படிச் சொல்வது என்று முழித்துக்கொண்டிருந்தாராம். தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமைய நீ வச்சுக்க, எஸ்தரு. மத்த ஆறு நாளையும் நான் பார்த்துக்கறேன்."

முறைத் தண்ணீர்

நான் முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறித்த சமயம் பார்த்து, வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். எங்கள் முறை வரவில்லை. வாய்க்காலில் கணுக்கால்கூட நனையவில்லை. மூழ்க வேண்டியவர்கள் படுத்தால் ஒரு பக்கம்தான் நனையும். மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர் கறுப்புச் சட்டைக்காரர், கடவுள் இல்லை என்று சொல்லி மாநாட்டுக்கு மாநாடு போகிறவர். வேறு வழியில்லாமல் அவரிடமே போய் நின்றேன். அவர் பீடியை அணைத்துவிட்டு யோசித்தார். பிறகு, "சாமி இல்லைங்கறது என் கொள்கை தங்கச்சி. ஆனா தலைமுழுக நினைக்கிறவங்களுக்குத் தண்ணி இல்லைங்கறது என் கொள்கை இல்லை" என்று சொல்லி, கொஞ்ச நேரத்துக்கு ஷட்டரைத் தூக்கிவிட ஒத்துக்கொண்டார்.

தண்ணீர் இடுப்பளவு வந்தது. கூடவே மண்வெட்டிகளும் வந்தன. வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டு, முறை மாறிவிட்டது என்று நினைத்து, கடைமடை வரைக்கும் உள்ள விவசாயிகள் ஓடிவந்து அவரவர் மடையை வெட்டத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் நான் மூழ்க வைக்க, இன்னொரு பக்கம் அவர்கள் தண்ணீரை இழுக்க, கடைசி ஆளுக்கு முழங்கால் அளவுதான் மிச்சம். அவர் தோளைச் சின்னப்பொண்ணு அக்கா பிடித்து அழுத்தித்தான் நனைக்க முடிந்தது. ஏதாவது சண்டை வருமோ என்று நான் பயந்துகொண்டே கரையேறினேன். நெற்றியில் விபூதி துலங்க நின்ற ஒரு பெரியவர், பாதி நனைந்த தன் வயலைப் பார்த்துக்கொண்டே பணிவாக விசாரித்தார்: "அடுத்த ஞானஸ்நானம் எப்பங்கம்மா?"

அபிஷேகம் செய்தவர்

பெண்பிள்ளை முழுக்குக் கொடுத்தாள் என்ற செய்தி பரவி, சுயாதீன சபைப் போதகர்கள் எல்லோரும் சேர்ந்து வைத்திருந்த ஓர் ஐக்கியத்திலிருந்து விசாரிக்க ஆள் வந்தார். மாயவரத்துப் போதகர், கோட்டு போட்டவர். சித்திரை வெயிலிலும் அதைக் கழற்றாமல், எந்த வேதப்பள்ளியில் படித்தேன், யார் தலையில் கைவைத்து அபிஷேகம் பண்ணினார்கள் என்று என்னைக் கேட்டார். நான் பதில் தேடுவதற்குள், மோர் கொண்டுவந்த சின்னப்பொண்ணு அக்கா செம்பை அவர் கையில் கொடுத்தபடியே சொல்லிவிட்டாள்: "சப்-இன்ஸ்பெக்டருங்க."

வீடா, கோயிலா?

பண்ணை மண்ணில் குடிசை போட்டிருப்பவர்களுக்கு அந்த மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்டது. தாசில்தார் வந்து புளியமரத்தடியில் மேசை போட்டு ஒவ்வொரு வீடாக விசாரித்தார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது காரியக்காரர் எழுந்தார். இது வீடே இல்லை, கோயில், சட்டம் கோயிலுக்குச் செல்லாது என்றார். சொன்னதோடு நிற்கவில்லை, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இது பரிசுத்தமான இடம், இங்கே பாடுகிற பாட்டைக் கேட்டால் கல்லும் கரையும் என்று கண்ணில் நீர் வராத குறையாகப் பேசினார். அது கோயில் என்று ஏற்பட்டால் எங்களுக்கு வீடும் இல்லை, சபையும் இல்லை. இது வெறும் வீடு, சாமியாவது பூதமாவது என்று சங்கத்துக்காரர்களும் கறுப்புச் சட்டை லஸ்கரும் வரிந்துகட்டினார்கள். என் விசுவாசிகளோ அவர்களைவிட ஒரு படி மேலே போய், சுவரிலிருந்த சிலுவையைக் கழற்றி நெல் குதிருக்குள் போட்டிருந்தார்கள். நான் அதை எடுத்துத் துடைத்துத் திரும்பவும் ஆணியில் மாட்டினேன்.

தாசில்தார் உள்ளே வந்து சிலுவையைப் பார்த்தார், இங்கே குடியிருப்பது யார் என்று கேட்டார். ஏசுசாமி என்றாள் சின்னப்பொண்ணு அக்கா, வாய் தவறி. அவர் பேர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று தாசில்தார் முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார். நான் முன்னால் போய், நான் நடவுக்குப் போகிறவள், நானும் என் புருஷனும் பிள்ளைகளும் இங்கேதான் இருக்கிறோம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயில், இரண்டும் உண்மை என்றேன். பொய் சொல்லாமல் தப்பிக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அவர் அடுப்படிக்குப் போய்ப் பானை மூடியைத் தூக்கினார். கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கருவாட்டுக் குழம்பு வைக்கிற கோயிலைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று சொல்லி, வீடு என்று எழுதினார்.

தெருவே ஆடியது. இவர் துண்டைச் சுழற்றினார், லஸ்கர் எங்கள் பாட்டுக்குத் தாளம் போட்டார், எனக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. அந்தக் கூத்துக்கு நடுவே காரியக்காரர் செருப்பைக் கையில் பிடித்தபடியே என்னிடம் வந்தார். தோற்ற கோபம் முகத்தில் இல்லை, மனத்தாங்கல்தான் இருந்தது. "இத்தனை பேரும் வீடுன்னு சொன்னீங்க. கோயில்னு சாட்சி சொன்னவன் நான் ஒருத்தன்தான். அதை உங்க சாமிகிட்ட மறக்காம சொல்லிடும்மா."

இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்து நான் கற்றுக்கொண்டது, ஆத்துமாக்களைத் தேடி நாம் கிழக்கே போனால், அவை மேற்கிலிருந்து வந்து நம் மேல் இடித்துவிட்டு நம்மையே வழி கேட்கும் என்பதுதான்.