தாத்தா மட்டும்

பள்ளிவாசல்துறையில் என்னைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால் அவர் நேற்றுப் பிறந்தவராக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துவிட்டது. தலவிலத் திருவிழாவுக்கு வரும் சிங்கள ஆட்களிடம் கூடையில் கருவாடு விற்றுத்தான் தொடங்கினேன். இன்றைக்கு என்னுடைய லொறி போகாத சந்தை இந்தப் பக்கத்தில் இல்லை. யாரும் எனக்குத் தூக்கித் தரவில்லை. வெயிலில் நானே காய்ந்து, கருவாட்டையும் காய வைத்து எடுத்த முன்னேற்றம் இது. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இப்போது எழுத வந்தது என் இளைய மகளைப் பல்கலைக்கழகக் கம்பஸுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த கதையை. மகிழ்ச்சியான கதை என்று எண்ண வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

அவளுக்கு மலைப்பக்கத்துக் கம்பஸ் ஒன்று கிடைத்தது. கம்பஸிலேயே ஹொஸ்டலும் கிடைத்தது. சேதி தெரிந்த அன்றைக்கே பள்ளிவாசல் வாசலில் ஒருவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“பொம்புளப் புள்ளய ஹொஸ்டல்ல உடப் போறீங்களா காக்கா? யோசிச்சிச் செய்ங்க.”

“உங்கட புள்ளைக்கிக் கெடச்சா நீங்க உட வேணாம்” என்றேன். “அது கெடைக்கிறதுக்கும் புள்ள பாஸாகணுமே.”

அதற்குப் பிறகு ஒருவரும் என் தோளைப் பிடிக்கவில்லை.

எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான் இருந்தது. அந்தக் கேட்டுக்குள்ளே என் மகளோடு நான் நடந்து போக வேண்டும். படித்தவர்களின் இடத்துக்குள், என் காலால், முன்வாசலால். அதற்காகவே புத்தளத்துக்குப் போய், காலத்துக்கும் சாரன் கட்டிய நான் ஒரு கால்சட்டை தைத்தேன். தையல்காரன் மருமகனுக்கா என்று கேட்டான். அவனுக்கும் ஏசினேன்.

சாமான்களையும் நானே வாங்கினேன். நல்ல தும்பு மெத்தை. லொறிச் சக்கரம் ஏறினாலும் நசுங்காத இரும்புப் பெட்டி. உடுப்புக் காயப்போட, தோணிக்குக் கட்டுகிற நைலோன் கயிறு. மகள் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“வாப்பா, இது மய்யத்து தூக்குற சந்தூக்கு மாதிரி இரிக்கி.”

“ஒண்ட சாமானுக்குக் காவல் இரிக்கணும். ஒண்ட வட்ஸ்அப்புல காட்டுற துணிப் பேக்க எலி தின்னும்.”

“எலி இத தின்னாது வாப்பா. ஆனா இதத் தூக்க நாலு பேர் வேணும், யாசீனும் ஓதணும்.”

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மகள் போகும் வரைக்கும் நான் கடைசியாகச் சிரித்தது அப்போதுதான்.

போவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, கருவாடு காயப்போடும் வாடிக்கு என் மனைவி போனைக் கையில் பிடித்தபடி வந்தாள். வழமையாக அவள் அந்தப் பக்கம் வருவதில்லை.

“இஞ்ச பாருங்க. ஹொஸ்டல் மேட்றன் பேசினா. சிங்கள மனிசி, ஆனா கொஞ்சம் தமிழ் கதைக்கிறா. புள்ளையோட ஒரு ஆள்தான் உள்ளுக்குப் போகலாமாம். தாத்தா மட்டும் வரணுமாம்.”

எங்கள் ஆட்கள் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என் மூத்த மகள் இளையவளுக்குத் தாத்தா. அவள் கலியாணம் முடித்துப் புத்தளத்தில் இருக்கிறாள்.

“தாத்தாவா? வாப்பாக்கு என்ன கேடாம்?”

“பொம்புளப் புள்ளைகள்ட ஹொஸ்டல்தானே. ஆம்புளைகள எடுக்க மாட்டாங்க போல. அப்ப நானும் வர ஏலாது, நீங்களும் ஏலாது. தாத்தா மட்டும் எண்டு ரெண்டு தரம் சொன்னா.”

கையிலிருந்த கட்டாக் கருவாட்டை அப்படியே மணலில் எறிந்தேன். நானே அடுக்கி வைத்த கருவாடு.

“நம்பரத் தா. நான் கதைக்கிறன்.”

“தர மாட்டன். நீங்க ஏசிப் போடுவீங்க. பொறகு புள்ளைக்கி ரூம் குடுக்க மாட்டாங்க.”

அவள் போனை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு போய்விட்டாள். எத்தனையோ முதலாளிமாரை நான் வாயாலேயே பணிய வைத்திருக்கிறேன். இந்த மனிசியிடம் ஒரு நம்பர் வாங்க முடியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மூத்தவளும் மருமகனும் வந்தார்கள். மருமகன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். எதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவது போலத்தான் கதைப்பார்.

“மேட்றன் சொன்னது சரிதான் மாமா. அங்க ஒரு முறை இரிக்கி. தாத்தா போனா நாலு விஷயம் கேட்டு, ஒழுங்கா வந்திருவா.”

“நான் போனா?”

“நீங்க சத்தமாக் கதைப்பீங்க. புள்ளைக்கித்தான் வெக்கம்.”

“மருமகன், நீங்க இருக்கிற கதிரை இந்தச் சத்தத்துல வந்தது. நீங்க திண்ட சோறும் இந்தச் சத்தத்துல வந்ததுதான். அதுக்கு வெக்கம் இல்லயா?”

அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். என் மனைவி “அல்லாஹ்வே, சாப்பிட்ட மனிசனுக்கு இப்பிடியா” என்று என்னைப் பார்த்தாள். நான் பார்த்தது இளையவளை. குசினி வாசலில் நின்றாள். “இல்ல, வாப்பாதான் வரணும்” என்று ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள்.

எனக்கு விளங்கிவிட்டது, அல்லது விளங்கியதாக நினைத்தேன். கருவாட்டு மணம் அவளுக்கு நாறுகிறது. மேட்றனும் முறையும் சாட்டு. அந்த மணத்தில் வளர்ந்த பிள்ளை, அந்த மணத்தில் டியூஷனுக்குப் போன பிள்ளை, கம்பஸ் கேட்டுக்கு முன்னால் அந்த மணத்தைக் கழற்றி வைக்கப் பார்க்கிறாள்.

அதன்பிறகு அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அவள் தேத்தண்ணி கொண்டு வந்தால் “வை” என்றேன். கிட்ட வந்து நின்றால் வாடிக்குப் போனேன். வாடியில் வேலை செய்கிறவர்கள் பாவம், அந்தக் கிழமை அவர்கள் கேட்ட ஏச்சை வேறு எந்தக் கிழமையிலும் கேட்டதில்லை. புதுக் கால்சட்டையை அலுமாரிக்குள் எறிந்து கதவை அடித்து மூடினேன்.

போகிற அன்று காலையில் இன்னொரு கூத்து. மருமகனின் காருக்குள் பெட்டி போகவில்லை. மெத்தையும் போகவில்லை. அவர் இப்படித் திருப்பிப் பார்த்தார், அப்படித் திருப்பிப் பார்த்தார்.

“பெட்டிய வெச்சிட்டுப் போவம் மாமா.”

“லொறியில போகும்.”

“கருவாட்டு லொறியிலயா?”

“ஓம். கருவாட்டு லொறியில. லொறிக்காரன் நான். லொறிக்காரன உள்ளுக்கு எடுக்கத் தேவல்ல, றோட்டுல நிப்பாட்டுங்க.”

சாரனோடுதான் ஏறினேன். கால்சட்டை அலுமாரியிலேயே கிடக்கட்டும். மனைவிக்கு முழங்கால் வருத்தம், அவள் வரவில்லை. கார் முன்னால் போனது. பாலாவிச் சந்தியிலிருந்து மலை ஏறும் வரைக்கும் அந்தக் காரின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். கண்ணாடிக்குள்ளே இளையவளின் தலை அடிக்கடி திரும்பி லொறியைப் பார்த்தது. நான் ஹோர்ன் அடித்தேன். அது ஸலாம் இல்லை, ஏச்சு.

ஹொஸ்டல் கேட்டுக்கு எதிரே, றோட்டின் மற்றப் பக்கத்தில் லொறியை நிறுத்தினேன். இறங்கவில்லை. மெத்தை தேவையென்றால் வந்து கேட்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மூத்தவள் அபாயாவைச் சரிசெய்துகொண்டு தங்கச்சியோடு கேட்டடிக்குப் போனாள். மருமகன் காரில் சாய்ந்து போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கவனித்தேன். கேட்டுக்குள்ளே ஓர் ஆம்பிளை வாளி தூக்கிக்கொண்டு போகிறான். அவனுக்குப் பின்னால் இன்னொருத்தன், தலையில் மெத்தை. அடுத்தவன் என்னைப் போலச் சாரன் கட்டியவன், வெற்றிலைச் சிவப்பு வாய், தன் மகளின் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறான். எல்லோரும் ஆம்பிளைகள். எல்லோரும் உள்ளே போகிறார்கள்.

இவர்களெல்லாம் யாருடைய தாத்தா?

லொறிக் கதவை நான் மூடிய சத்தத்துக்கு மருமகனின் போன் கையிலிருந்து நழுவியது. “மாமா, மாமா, பொறுங்க” என்று பின்னால் வந்தார். நான் பொறுக்கவில்லை. றோட்டைக் கடந்து போகும்போது என் வாயில் ஒரு கிழமை ஏச்சும் வரிசையாக நின்றது.

கேட்டடியில் மேசை போட்டு மேட்றன் இருந்தாள். கண்ணாடி போட்ட கொஞ்சம் தடித்த மனிசி. என் மூத்த மகள் மேசைக்கு முன்னால் நின்றாள். மேட்றன் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, எங்கே என்று சிங்களத்தில் கேட்டாள்:

“தாத்தா கோ?”

“நான்தான்” என்றாள் மூத்தவள். பிறகு தனக்குத் தெரிந்த சிங்களத்தில் நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள், “மம தமய் தாத்தா.”

மேட்றன் கண்ணாடியைக் கழற்றினாள். அபாயாவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கேட்டுக் காவல்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினான்.

“ஒயாத தாத்தா?”

நீயா அப்பா, என்று கேட்கிறாள்.

நான் அப்படியே நின்றேன். தாத்தா கோ. சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய சொல்லா அது? மீசை முளைக்க முன்னமே தலவிலையில் கேட்ட சொல். “தாத்தே, தாத்தே” என்று சிங்களப் பிள்ளைகள் தகப்பன்மாரின் கையைப் பிடித்து இழுக்க, அந்தத் தகப்பன்மாருக்குத்தான் நான் கருவாடு விற்றேன். என் சிங்களத்தைக் கேட்டு நீ எந்த ஊர்ச் சிங்களவன் என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

“மம தமய் தாத்தா” என்றேன். நான் சொன்ன சத்தத்துக்கு மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது.

மேட்றன் தன் அரைத் தமிழில் சொன்னாள்: “ஆ, ஐயா. நான் டெலிபோன்ல சொன்னதுதானே. தாத்தா மட்டும் வரணும். தாத்தா கையெழுத்து இல்ல எண்டா ரூம் இல்ல. அக்கா வேணாம்.”

மருமகன் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். திரும்பிப் பார்த்தேன்.

“என்ன மருமகன், முறை இரிக்கி எண்டீங்க. இதானா முறை?”

“இல்ல மாமா, மாமிதான்...”

“மாமி படிச்ச ஆளா? நீங்க படிச்ச ஆளா?”

அவர் நழுவின போனைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மனிசனுக்கு அன்றைக்கு அது போதும்.

கையெழுத்து வைத்தேன். வாசிக்கத் தெரியாதவன் என்று யாராவது நினைத்தால், என் கையெழுத்துக்கு வங்கியில் மனேஜர் எழும்பி நிற்பார். பிறகு லொறியிலிருந்து மெத்தையை நானே இறக்கித் தலையில் வைத்தேன். பெட்டிக்கு மருமகனைப் பிடிக்கச் சொன்னேன். கேட்டோடு அவரை மேட்றன் நிறுத்தினாள்.

“தாத்தா மட்டும்.”

பெட்டியைக் காவல்காரனும் வேறொரு பிள்ளையின் தகப்பனும் தூக்கினார்கள். மேட்றன் கையைத் தட்டி, ஆம்பிளை வருகிறார் என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு முன்னால் போனாள். மாடிப்படியில் மகள் மெத்தையின் பின்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு வந்தாள்.

“வாப்பா.”

“என்ன?”

“இன்னும் கோவமா?”

“நீ ஏன் ஒண்டும் கதைக்கல்ல? ஒரு சொல் சொல்லல்ல?”

“எப்பிடிச் சொல்ற? நான் கிட்ட வந்தா நீங்க வாடிக்கிப் போறீங்க. நான் உம்மாட்ட அழுதன், வாப்பாவும் வரணும் எண்டு. உம்மா சொன்னா, வாப்பாட்ட சொன்னா மேட்றனுக்கு ஏசுவார், ரூம் போயிரும் எண்டு.”

மெத்தைக்குக் கீழே என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. நல்லது.

“கருவாட்டு மணம்...” என்றேன்.

“என்ன மணம்? பெட்டிக்குள்ள நான் ரெண்டு போத்தல் கருவாட்டுச் சம்பல் வெச்சிரிக்கன். திறந்து பாருங்க. உங்கட லொறியோட சேந்து இந்த ஹொஸ்டலே மணக்கப் போவுது.”

அறையில் ஜன்னலுக்கு ஜன்னல் நைலோன் கயிற்றைக் கட்டினேன். புயலடித்தாலும் அவிழாத முடிச்சு. மேட்றன் கயிறு கட்டக் கூடாது என்றாள். மகள் அவளுக்குச் சிரித்துக்கொண்டே என்னவோ சொல்ல, அவள் போய்விட்டாள். பிள்ளை பிழைத்துக்கொள்வாள்.

திரும்பும்போது மருமகனின் காரை முந்த விடாமல் லொறியை ஓட்டினேன். கோபம் அவர்மேல் மட்டும் இல்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம். சிங்களம் தெரிந்தவர்கள், படித்தவர்கள், சந்தையில் அடிபட்டவன். ஒருத்தருக்கும் அது வாப்பாவாக இருக்கலாம் என்று தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

மஃரிபுத் தொழுகை நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“என்ன, தாத்தாவ உள்ளுக்கு எடுத்தாங்களா?”

“ஓம்” என்றேன். “தாத்தாவ எடுத்தாங்க. தாத்தா மெத்தையத் தலையில வெச்சிக்கிட்டு மாடிக்கிப் போனார்.”

அவள் வாயைத் திறந்தபடி மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் மருமகனைப் பார்த்தாள். விளங்கப்படுத்துகிறவர்கள் விளங்கப்படுத்தட்டும் என்று நான் தொழுகைக்குக் கைகால் கழுவி உளுச் செய்யப் போனேன்.