பவுடரா, கேஸா?

என் வீட்டுக்காரர் காரிலிருந்து இறங்குவதை ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு அவரை அவசரப்படுத்த மாட்டார்கள். முதலில் வலது கால் வெளியே வரும். ஒரு கை கூரை விளிம்பைப் பிடிக்கும். இன்னொரு கை, யாரோ வைத்துவிட்டுப் போன சாமானை எடுப்பதுபோல, இடது காலைத் தூக்கி வெளியே வைக்கும். அதற்குப் பிறகுதான் ஆள். மில்லில் பஞ்சுப் பொதி சரிந்து இடுப்பு உடைந்து, உள்ளே தகடு வைத்ததிலிருந்து அப்படித்தான். கிளட்ச் மிதிக்க அந்தக் கால் போதும். இறங்குவதற்குத்தான் போதாது.

கார் அறுபதுகளில் தயாரானது. இரண்டே கதவு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீட்டை எங்கள் ஊரில் சொல்தா வீடு என்போம். அப்படி ஒரு குடும்பம் பிரான்சுக்கே குடிபோனபோது இவர் வாங்கினார். அதன் பானெட் மற்ற கார்கள் மாதிரி இல்லை. கதவுக்கு முன்னால் இரண்டு பக்கமும் வெளியில் ஒவ்வொரு கொக்கி இருக்கும். இரண்டையும் எடுத்தால் முன்பாகம் முழுவதும் முதலை வாய் திறப்பதுபோல முன்னால் கவிழும். உழவர்கரையில் எங்கள் தெருவில் அதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு நாள் என்னிடம், “அது கார் இல்லம்மா, உன் வூட்டுக்காரரோட மூத்த சம்சாரம். நீ ரெண்டாவதா வந்தவ” என்றாள். நான் சிரித்தேன். சொன்னது சரிதான்.

ஒரு காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கார்புரேட்டரிலிருந்து குபீரென்று தீ வந்தது. மெக்கானிக் பக்கத்திலேயே நின்றதால் ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டார். “ஒண்ணுமில்லம்மா, வண்டி தும்மிடுச்சு” என்றார். எனக்கு வண்டி கண்ணில் படவே இல்லை. தீ வந்து, அணைந்து, புகையும் கலைந்த பிறகு என் வீட்டுக்காரருக்கு ஒரு கால்தான் வெளியே வந்திருந்தது. அதை மட்டும்தான் பார்த்தேன்.

அந்த வாரம்தான் கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம் வைத்திருந்தார்கள். வண்டிக்குள் தீயணைக்கும் சிலிண்டர் இல்லாவிட்டால் வரிசையில் விடமாட்டோம் என்று ஃபோனில் சொன்னார்கள்.

“கண்துடைப்புக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டா ஆச்சு” என்றார் இவர்.

“நானும் கடைக்கு வரேன்” என்றேன்.

“நீ எதுக்கு?”

“கண்ணத் தொடைக்க.”

கடைக்காரர் பாய் ஹெல்மெட், கம்பூட், கையுறை என்று விற்பவர். மேஜைமேல் இரண்டு சிலிண்டர்களை வைத்தார். இரண்டும் சிவப்பு. ஒன்று பவுடர், மற்றொன்று கேஸ்.

“எது நல்லது பாய்?” என்று இவர் கேட்டார்.

“எது யாருக்கு நல்லதுன்னு கேளுங்க. கேஸ் அடிச்சா ஒரு தடயம் இருக்காது. எஞ்சின் மேல தூசி கூட நிக்காது. பவுடர் அப்படி இல்ல. மூலைமுடுக்கெல்லாம் பூந்துடும். ஒடனே கழுவலன்னா அலுமினியத்த அரிக்கும், ஒயரு போயிடும்.”

“அப்ப கேஸு குடுங்க. பவுடர வாங்கி வண்டிக்குப் பூசி விடவா?”

பாய் சிரித்தார், ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. “வண்டிய எங்க ஓட்டப் போறீங்க?”

“பீச்சுல.”

“அங்க அடிக்கற காத்துல கேஸு நிக்குமா சார்? நெருப்புகிட்ட போறதுக்குள்ள காத்து தூக்கிட்டுப் போயிடும். தொறந்த எடத்துல பெட்ரோல் எரிஞ்சா பவுடர்தான் டக்குனு அமுக்கும். ஆனா எஞ்சினுக்கு அன்னிக்கே பெரிய வேல வந்துடும். வண்டியக் காப்பாத்தணும்னா ஒண்ணு, உள்ள இருக்கறவரக் காப்பாத்தணும்னா ஒண்ணு.”

“உள்ள இருக்கறவன் எறங்கிடுவான் பாய். வண்டிதான் தானா எறங்காது.”

அவர் கடைக்குள் நடந்துவந்ததைப் பாய் பார்த்திருந்தார். மெதுவாகத்தான் கேட்டார். “எறங்க எம்மா நேரம் ஆவும் சார்?”

இவர் கேஸ் சிலிண்டரைக் கையில் எடுத்து அதன் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

“இப்பவே பாத்துடலாம்” என்றேன் நான்.

“இன்னா பாக்கறது? வெளாட்டா?”

“வண்டி வாசல்லதான நிக்குது. ஏறி ஒக்காருங்க.”

கோபத்தில்தான் போய் உட்கார்ந்தார். கதவைச் சாத்திய சத்தத்தில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாய் பழைய தினசரித்தாள் ஒன்றைப் பிரித்து, ஒரு இரும்புத் தட்டில் போட்டு, வாசலில் எட்ட வைத்தார். “பத்த வெக்கறேன் சார். நீங்க எறங்குங்க” என்று தீக்குச்சியைக் கிழித்தார்.

தாள் ஓரத்தில் பிடித்து நடுவுக்கு வந்தது. வலது கால் வெளியே வந்தது. கை கூரையைத் தேடியது. அவசரத்தில் முதல் பிடி நழுவிவிட்டது. மறுபடி பிடித்தார். தாள் முழுதும் எழுந்து எரிந்து, சுருண்டு, கறுத்து உட்கார்ந்தது. காற்றில் ஒரு கரித்துண்டு பறந்துபோய் அவருடைய வலது செருப்பின் அருகில் விழுந்தது. இடது கால் இன்னும் உள்ளேதான் இருந்தது.

அவர் இறங்கி முடிக்காமலே காலை மறுபடி உள்ளே எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் பவுடர் சிலிண்டரை வாங்கினேன். பாய் என்னை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். “மேல இருக்கற பின்ன இழுத்துடுங்க. காத்துக்கு முதுகு காட்டி நில்லுங்க. தீயோட தலைல அடிக்காதீங்க, அடில அடிங்க. முக்கியமா, பானெட் மூடிய முழுசாத் தூக்க விடாதீங்கம்மா. தூக்கினா காத்து பூந்து தீ மூஞ்சில அடிக்கும். கொஞ்சூண்டு சந்து இருந்தாப் போதும்.”

வீடு வந்தபிறகுதான் இவர், “அத டிக்கில போடு” என்றார்.

“டிக்கிலயா? எரியறப்ப எறங்கி, சுத்திப் போயி, சாவி போட்டுத் தொறப்பீங்களா?”

“என் கால்கிட்ட வெச்சா கால் எங்க வெக்கறது?”

அதுவும் நியாயம்தான். கடைசியில் மெக்கானிக் அதை இடது சீட்டுக்கு முன்னால், தரையில் இரும்புப் பட்டை போட்டு முடுக்கினார். ஆக, அந்தச் சீட்டில் ஓர் ஆள் உட்கார்ந்தே ஆகவேண்டும். இவர் கூட்டாளி ஒருவரைக் கூப்பிட்டார். அவர் சிலிண்டரைப் பார்த்துவிட்டு, “எனக்கு பிபி இருக்குதுப்பா” என்று நழுவிவிட்டார். பெட்ரோல் வாடைக்கே தலை சுற்றுகிறவள் நான். நான்தான் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை கடற்கரைச் சாலையில் அப்படி ஒரு கூட்டம். கார்கள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன, நின்றன, மறுபடி ஊர்ந்தன. அவர் பக்கம் கடல், என் பக்கம் ஊர். ஆட்கள் கையசைக்கக் கையசைக்க இவர் முகத்தில் பழைய சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு மூக்குதான் வேலை செய்தது.

“வாட வருதுங்க.”

“பழைய வண்டின்னா வரும்.”

“இது வேற வாட.”

“கம்முனு இரேன். நாலு பேரு பாக்கறாங்க.”

காந்தி சிலையைத் தாண்டி வரிசை மறுபடி நின்றது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டியிருக்க வேண்டும். முதலில் பானெட் இடுக்கில் ஒரு நூல் புகை. பிறகு அவருடைய கால்கள் இருந்த இடத்திலிருந்து, உள்ளேயே, கறுப்பாகப் புகை எழும்பியது. அவர் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். நான் சிலிண்டரைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்தேன்.

காற்று கடலிலிருந்து என் முகத்தில் அடித்தது. புகையும் அதோடு வந்தது. காத்துக்கு முதுகு என்று பாய் சொன்னது அப்போதுதான் உடம்புக்குப் புரிந்தது. பின்பக்கமாகச் சுற்றி அவர் பக்கம் ஓடினேன். கதவு திறந்திருந்தது. வலது கால் சாலையில். கை கூரையில்.

அதற்குள் இரண்டு பேர் எங்கிருந்தோ ஓடிவந்து முன்னால் குனிந்தார்கள். ஒருவர் கையில் தண்ணீர் பாட்டில்.

“மூடியத் தூக்கு மாமே! தூக்கி ஊத்து!”

“தூக்காதீங்க!” என்று கத்தினேன். “கைய எடுங்க! தூக்கினா மூஞ்சி வெந்துடும்!” என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர்கள் பின்வாங்கினார்கள்.

முந்தானையைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்துப் பானெட் கொக்கியை விடுவித்தேன். பானெட் ஓரம் லேசாக எம்பியது. உள்ளே ஆரஞ்சு நிறம் தெரிந்தது. பின்னை இழுத்தேன்.

“அடிக்காத!” என்றார் இவர். “கொஞ்சந்தான் எரியுது, சாக்கு போட்டு அமுக்கலாம்! அடிச்சா எஞ்சின் போயிடும்டீ!”

நான் திரும்பிப் பார்த்தேன். கை இடது காலைத் தூக்கப் பார்க்கிறது. கால் பெடலுக்குப் பின்னால் சிக்கியிருக்கிறது. அவர் கண் என்மேல் இல்லை, சந்தின்மேல் இருந்தது.

குழாயைச் சந்துக்குள் விட்டு அழுத்தினேன். வெள்ளை வெள்ளையாகப் பாய்ந்தது. இடதும் வலதுமாக, அடியைப் பார்த்து, காலியாகும்வரை கையை எடுக்கவில்லை. ஆரஞ்சு போனது. பிறகு எல்லாமே வெள்ளைதான்: பானெட், கண்ணாடி, என் கை, அவர் முடி, புருவம். ஈரச் சாக்கோடு யாரோ வந்து நின்றார்கள். தேவைப்படவில்லை.

அவரைக் கைகொடுத்து இறக்கிக் கடலோரச் சுவரில் உட்காரவைத்தேன். மற்ற கார்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. அவர் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கியது. உதட்டில்கூடப் பவுடர்.

“அடிக்காதன்னு சொன்னனே” என்றார். கத்தவில்லை. உண்மையிலேயே புரியாதவர்போலக் கேட்டார்.

“சொன்னீங்க. எங்கேர்ந்து சொன்னீங்க?”

அவர் என்னைப் பார்த்தார்.

“உள்ளேர்ந்து சொன்னீங்க” என்றேன்.

அவர் குனிந்து, இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கி, வலது காலுக்குப் பக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டார்.