தேதி போட்ட மங்கை

பரிசோதனைக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்கு மங்கை சேர்ந்த அன்று, மேற்பார்வையாளர் ரகுபதி அவளுக்கு மூன்று கட்டளைகள் போட்டார். தலையில் பூ வைக்கக்கூடாது. வெற்றிலை போடக்கூடாது. வாசனை சோப்பு, பவுடர் எதுவும் ஆகாது. இருபது வருஷம் மீன் விற்ற கை என்பதால் தன்னிடம் மட்டும் இப்படிப் பேசுகிறார் என்று அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள்தான் தெரிந்தது, வேறு வாசனை கலந்தால் முகர்ந்து பார்க்கிற சோதனை கெட்டுவிடும், அதனால் அது அங்கே எல்லோருக்குமான சட்டம் என்று. உணவு விஞ்ஞானம் படித்து, அந்தப் பிரிவையே பார்த்துக்கொள்ளும் ஜஸீமாகூட முகத்துக்குப் பவுடர் போடாமல்தான் வந்தாள்.

மாதவரத்தில் லாரி ஷெட்டுகளுக்கு நடுவே இருந்தது அந்தக் கூடம். கம்பெனிக்காரர்கள் தங்கள் மாவு, மசாலா, முறுக்கு, பால் பாக்கெட்டுகளை அங்கே சோதனைக்கு அனுப்புவார்கள். மங்கைக்கு எண்ணூர்க் குப்பம். கணவன் பொன்னுரங்கம் விசைப்படகில் ஆளாகப் போகிறவன், கரைக்கு வர எட்டு நாளும் ஆகும், பத்து நாளும் ஆகும். ஆலை எண்ணெய் ஆற்றில் கலந்து மிதந்த அந்த மழைக்காலத்துக்குப் பிறகு, எண்ணூர்க்காரி கூடை என்றாலே ஜனங்கள் ஒதுங்கிப் போனார்கள். எந்தக் கடலில் பிடித்த மீன் என்று சொன்னாலும் நம்பவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, கூடையைப் பரண்மேல் ஏற்றிவிட்டு வேலை தேடிக் கிளம்பினாள்.

மீன் விற்ற காலத்தில் அவள் மூக்குக்குக் குப்பத்தில் தனி மரியாதை. ஐஸ் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே அடியில் கிடப்பது நேற்றைய சரக்கு என்று சொல்லிவிடுவாள். வாங்கலாமா வேண்டாமா என்று மற்ற பெண்கள் அவளைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்வார்கள். சாப்பாட்டு விஷயத்தில் அவளுக்கு வேறு சாட்சி தேவைப்பட்டதே இல்லை. மூக்கு சரி என்றால் சரி.

மகள் வினிதா நேர் எதிர். திருவொற்றியூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் கவுண்டரில் நிற்கிறாள். அங்கே தேதி முடிந்த மாத்திரை ஒரு நாள்கூட அலமாரியில் இருக்கக்கூடாது. தவறிப்போய் யாருக்காவது கொடுத்துவிட்டால் வேலையே போய்விடும். அந்தப் பயத்தை அவள் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையல் அலமாரி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கெட்டாகத் திருப்பிப் பார்ப்பாள். ரவை, சேமியா, கடலை மாவு, பிஸ்கட், எதுவானாலும் தேதி தாண்டியிருந்தால் குப்பைக்குத்தான். பிரிக்காத பாக்கெட்டுக்கும் அதே கதிதான்.

ஒருநாள் குப்பைக்கூடையில் முழு சேமியா பாக்கெட் கிடப்பதைப் பார்த்து மங்கைக்கு வயிறு எரிந்தது.

"இன்னாத்துக்குடி இத்த தூக்கிப் போட்ட? புழு இல்ல, வாடை இல்ல, நல்லாத்தானே கீது."

"தேதி முந்தாநேத்தே முடிஞ்சிபோச்சிம்மா. உடம்புக்கு வந்து படுத்துகினா யாரு பாக்கறது?"

மங்கை அதை எடுத்துக் கிண்டினாள். வினிதா தொடவில்லை, டீயும் வறுக்கியும் போதும் என்று வேலைக்குப் போய்விட்டாள். பாதி சேமியா சட்டியிலேயே கிடந்து கடைசியில் குப்பைக்குத்தான் போனது. இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டு மூன்று நாள் சரியாகப் பேசவில்லை.

அதற்கு அடுத்த வாரம் மங்கையின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட சம்பவம் நடந்தது. ஜஸீமாவின் மேசைமேல் மூன்று மூடிய கிண்ணங்கள் இருந்தன, உள்ளே உடைத்த கேழ்வரகு முறுக்கு. ஜஸீமா மூடிகளைத் திறந்து வைத்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தரையைத் துடைத்துக்கொண்டிருந்த மங்கை நிமிர்ந்து, நடுக்கிண்ணத்து எண்ணெய் காறிப்போச்சே மேடம் என்றாள். ஜஸீமா எடுத்து முகர்ந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கூட வேலை செய்கிறவர்களைக் கூப்பிட்டாள், அவர்களுக்கும் தெரியவில்லை. அன்று மாலை அந்த முறுக்கின் எண்ணெயைப் பிரித்துச் சோதித்த அறிக்கை வந்தது. எண்ணெய் கெட ஆரம்பித்திருந்தது, ஆரம்பம் மட்டும்தான்.

மறுநாள் ஜஸீமா அவளைத் துடைப்பத்தை வைத்துவிட்டு வரச்சொன்னாள். ஒரு சின்ன அறை, சிவப்பு பல்பு. நிறத்தைப் பார்த்து யாரும் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வெளிச்சம். மூன்று மூன்று கிண்ணமாக நீட்டினாள். ஒவ்வொரு முறையும் இரண்டு ஒரே சரக்கு, ஒன்று வேறு. எது வேறு என்று சொல்ல வேண்டும். நடுவில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர். பன்னிரண்டு முறை நடந்தது, பன்னிரண்டு முறையும் மங்கை சரியாகச் சொன்னாள். ஜஸீமா கையிலிருந்த தாளை இன்னொரு தடவை சரிபார்த்தாள்.

"மங்கைக்கா, இதுக்குன்னே பயிற்சி எடுத்தவங்களுக்குக்கூட ரெண்டு மூணு தப்பும். நீங்க இனிமே பெருக்க வேணாம். ருசி பார்க்கற குழுவுல உட்காருங்க."

அதற்குப் பிறகுதான் அந்தக் கூடத்தின் உள்ளறைகள் மங்கைக்குத் திறந்தன. ஓர் அறையில் ஆள் உயர இரும்புப் பெட்டி இருந்தது. பார்க்க ஃபிரிட்ஜ் போலவே, ஆனால் உள்ளே குளிருக்குப் பதில் வெக்கையும் ஈரமும். அதே கம்பெனி எண்ணெயை மாற்றிச் சுட்டு அனுப்பிய முறுக்குப் பாக்கெட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. சூட்டில் எல்லாம் சீக்கிரம் மூப்படையும், இதற்குள் ஒரு மாதம் வைத்தால் வெளியே ஏறக்குறைய மூன்று மாதம் வைத்ததற்குச் சமம் என்று ஜஸீமா விளக்கினாள். உள்ளே போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மங்கை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். வெளியே ஆடி மாதம். பெட்டிக்குள் இருக்கிற முறுக்கோ தீபாவளியைத் தாண்டியிருந்தது. கண்ணாடிக் கதவின்மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றாள். இன்னும் வராத நாட்களை அந்தப் பாக்கெட்டுகள் வாழ்ந்து முடித்திருந்தன.

எதற்காக இவ்வளவு பாடு என்று கேட்டாள். பாக்கெட்டில் தேதி போடத்தான் என்றாள் ஜஸீமா.

மங்கைக்கு அது பெரிய சேதி. தேதி என்பதைச் சர்க்கார் போடுகிறது, இல்லாவிட்டால் மிஷின் போடுகிறது என்றே அவள் நினைத்திருந்தாள். அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வெக்கைப் பெட்டியும், சிவப்பு அறையில் உட்கார்ந்து மென்று பார்க்கும் ஆறு பேரும் இருக்கிறார்கள் என்று கனவிலும் எண்ணியதில்லை. ஜஸீமா இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து, எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைக் காட்டினாள். ஒன்றில் 'பெஸ்ட் பிஃபோர்'. அந்தத் தேதி வரைக்கும் ருசியும் மொறுமொறுப்பும் குறையாது என்று கம்பெனி கொடுக்கும் வாக்கு அது. தாண்டினால் ருசி மெல்ல இறங்கும், அவ்வளவுதான். பிரிக்காமல் ஈரம் படாமல் வைத்திருந்தால், பார்த்து, முகர்ந்து, பிறகும் சாப்பிடலாம். இன்னொன்றில் 'யூஸ் பை'. சிலர் அதையே 'எக்ஸ்பைரி' என்று போடுவார்கள். பால், பன்னீர் மாதிரிச் சரக்குக்கு. அந்தத் தேதியைத் தாண்டக்கூடாது.

முதல் பாதி மங்கையின் காதில் தேனாகப் பாய்ந்தது. இரண்டாவது பாதியை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. கெட்டுப்போனால் தன் மூக்குக்குத் தெரியாமல் போகுமா என்றாள். ஜஸீமா வாதாடவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து இரண்டு குப்பிகளில் பால் எடுத்துவந்து, குடிக்காமல் முகர மட்டும் சொன்னாள். மங்கை இரண்டையும் முகர்ந்தாள், மறுபடியும் முகர்ந்தாள். இரண்டும் நல்ல பால் என்றாள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு துளியை எடுத்து, வட்டமான கண்ணாடித் தட்டுகளில் விட்டு மூடிக் கதகதப்பான பெட்டியில் வைத்தாள் ஜஸீமா.

இரண்டு நாள் கழித்து அந்தத் தட்டுகளை விளக்குமேல் வைத்துக் காட்டினாள். முதல் தட்டில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். இரண்டாவது, தேதி தாண்டி நாலு நாளான பால். தட்டு முழுக்க ரவையைக் கொட்டியதுபோல, எண்ணவே முடியாத புள்ளிகள்.

"ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம்க்கா. ஒத்தக் கிருமியா விழுந்து, லட்சக்கணக்குல பெருகினதுதான் நம்ம கண்ணுக்குப் புள்ளியாத் தெரியுது. இதுல பாதிக்குமேல ஒண்ணும் பண்ணாது. ஆனா நடுவுல பொல்லாதது ஒண்ணு இருந்தா? அதுக்கு வாடையே கிடையாது. ஃபிரிட்ஜ் குளிர்லகூட வளரும்."

மங்கை குனிந்து பார்த்தாள். மூச்சு பட்டுவிடுமோ என்று முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். பயமா என்றால் பயம் மட்டும் இல்லை. கடல் எவ்வளவு ஆழம் என்று முதல் தடவை ஒருவர் சொல்லக் கேட்ட சின்ன வயது நாளில் அப்படி இருந்திருக்கிறது.

"இத்தினி பேரு உள்ள இருந்துகினு, எனக்கு ஒரு வாடை காட்டலியே மேடம்," என்றாள், மெதுவாக.

அன்று சாயங்காலம் பொன்னுரங்கம் கடலிலிருந்து வந்திருந்தான். கரையேறினால் அவனுக்கு மீன் பிடிக்காது, பன்னீர் வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு பாக்கெட் இருந்தது. மங்கை அதைத் திருப்பிப் பார்த்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள், இங்கிலீஷ் எழுத்தை உருவம் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பாள். 'யூஸ்' என்று தொடங்கியது. தேதி தாண்டி இரண்டு நாள். முகர்ந்தால் ஒரு குறையும் இல்லை. நேராகக் குப்பையில் போட்டாள்.

வினிதா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா ஒன்றைக் குப்பையில் போட்டு அவள் பார்த்ததே இல்லை. மங்கை அதோடு நிற்கவில்லை. காலையில் வினிதா எறிந்திருந்த, பிரிக்காத ரவை பாக்கெட்டை அதே கூடையிலிருந்து வெளியே எடுத்தாள், துணியால் துடைத்து மகள் கையில் கொடுத்தாள்.

"நம்பரப் பாக்காத. நம்பருக்கு முன்னாடி இன்னா எழுதிகீதுன்னு படி."

வினிதா படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். மாத்திரை அட்டையில் எப்போதும் 'எக்ஸ்பைரி' என்ற ஒரே சொல்தான் இருக்கும், அதனால் கண் நேராக எண்ணுக்கே போய்ப் பழகிவிட்டது. இத்தனை நாள் எறிந்தவை எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், முகம் கூம்பிவிட்டது. பாக்கெட்டைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள். நல்ல கோதுமை வாசனை. அன்றைக்குப் பன்னீருக்குப் பதில் உப்புமா. பொன்னுரங்கம் முனகிக்கொண்டே இரண்டு தட்டு சாப்பிட்டான். வினிதாவும் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிறு வினிதா, மெடிக்கல் ஷாப்பில் செய்கிற மாதிரியே, அலமாரியில் சீக்கிரம் தேதி முடிகிற பாக்கெட்டுகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்தாள். மங்கையின் மூக்கும் ஓய்வு பெறவில்லை. ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த பாலுக்குத் தேதி இன்னும் ஒரு நாள் பாக்கி இருந்தது, மூடியைத் திறந்ததுமே வேண்டாம் என்றாள். தேதி என்பது ஒழுங்காகக் குளிரில் வைத்த பாலுக்குத்தான் என்று வினிதாவும் தலையாட்டினாள். ஒரு மாதத்தில் அவர்கள் குப்பைக்கூடையில் தோலும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லை.

முறுக்குச் சோதனை புரட்டாசியில் முடிந்தது. கம்பெனி பத்து மாதம் என்று தேதி போட ஆசைப்பட்டது. ஒன்பது மாத மூப்பு வந்த கிண்ணத்தில் குழுவில் நாலு பேர் குறை காணவில்லை. மங்கையும் இன்னொருவரும் காறல் என்று எழுதினார்கள். எண்ணெய்ச் சோதனையும் அவர்கள் பக்கம் சாய்ந்தது. எட்டு மாதம் என்று அறிக்கை போயிற்று, கம்பெனியும் ஏற்றுக்கொண்டது.

அடுத்த சித்திரையில் ஒருநாள் வேலை முடிந்து வரும்போது, டோல்கேட்டில் பஸ் மாறுவதற்கு முன்னால் பிராங்கிளின் கடையில் உப்பு வாங்க நின்றாள். அந்த முறுக்குப் பாக்கெட்டுகள் கம்பியில் சரம் சரமாகத் தொங்கின. இந்நேரம் பாதி ஊருக்கு அவை போய்ச் சேர்ந்திருக்கும். அவளுக்கு முன்னால் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் சரத்திலிருந்து ஒரு பாக்கெட்டைக் கிழித்தெடுத்தாள், பின்பக்கம் திருப்பித் தேதியைத் தேடினாள். விரலால் தடவிப் படித்தாள். பிறகு எந்தச் சந்தேகமும் இல்லாமல் காசைக் கொடுத்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

மங்கைக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பெண் கூட்டத்துக்குள் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னா வேணும் என்று பிராங்கிளின் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் உப்பு என்பது அவள் வாயில் வந்தது.